அரையாண்டு லீவில் பட்டாம்பூச்சி பார்க்கப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்? (தருமபுரி, கிருஷ்ணகிரி)

தகடூர் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பசுமைப்படைப் பிள்ளைகளை அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் வெளியே கூட்டிப் போக அனுமதி கிடைத்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள். வேன் பேசியாகிவிட்டது.

பூ நிறைந்த தோட்டம் ஒன்று, காடு மாதிரி இடம் ஒன்று, இரண்டிலும் பட்டாம்பூச்சி இருக்க வேண்டும். ஊட்டி, ஏற்காடு எல்லாம் வேண்டாம். நம் இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே காட்ட வேண்டும் என்று ஆசை. நம்ம ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வளர்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "நம்ம மாநிலப் பட்டாம்பூச்சியைப் பார்க்க முடியுமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்

ஒகேனக்கல் இருக்க வேறெங்கே போகணும் டீச்சர்? தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிக் கீழே இறங்கும் மலைப்பாதையிலேயே பட்டாம்பூச்சி ரோட்டைக் கடந்துகிட்டே இருக்கும். டிசம்பரில் வெள்ளம் வடிந்து ஆற்றோர மணல் வெளியே தெரிய ஆரம்பிச்சிருக்கும். அந்த ஈர மணலில் மஞ்சளும் வெள்ளையுமா கும்பலா உட்கார்ந்து உறிஞ்சுறதைப் பார்த்தால் பிள்ளைகள் வர மாட்டேன்னு அடம்பிடிக்கும். முதலைப் பண்ணையும் பக்கத்திலேயே.

ஆற்றில் தண்ணி அதிகமா திறந்துவிட்டிருந்தால் பரிசல், குளியல் எல்லாத்துக்கும் தடை போட்டுடுவாங்க. கிளம்புற அன்னைக்குக் காலையில் விசாரிச்சுக்குங்க.

ராயக்கோட்டை பூவியாபாரி

மேடம், பூத்தோட்டம்னா எங்க பக்கம் வாங்க. ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம், பாலக்கோடு ரோட்டில் செண்டுமல்லி, சாமந்தி, கோழிக்கொண்டை எல்லாம் ஏக்கர் கணக்கில் நிற்கும். பொங்கலுக்கு வெட்டுறதுக்காக டிசம்பர் கடைசியில் பூ நல்லா நிறைஞ்சிருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரப்போட நின்னு பார்க்கலாம்.

ஒண்ணு மட்டும் கட்டாயம் சொல்லணும். பூத்தோட்டத்தில் மருந்தடிப்பு அதிகம். அடிச்சு ரெண்டு மூணு நாள் ஆகாத தோட்டத்துக்குள் பிள்ளைகளை இறக்கவே கூடாது. "எப்ப மருந்து அடிச்சீங்க?"ன்னு கேட்டால் யாரும் மறைக்க மாட்டாங்க, சொல்லிடுவாங்க.

சிறகு, ஓசூர்

டீச்சர், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பூ நிறைய இருந்தால் பட்டாம்பூச்சி நிறைய இருக்கும் என்பது பாதிதான் உண்மை. வளர்ந்த பூச்சிக்குத் தேன் வேண்டும். புழுவுக்கு இலை வேண்டும். தேனைப் பல பூக்களில் குடித்துக்கொள்ளும். இலையில் அந்த விட்டுக்கொடுத்தல் கிடையாது. வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சி எருக்கிலும் அதன் உறவுச் செடிகளிலும்தான் முட்டையிடும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை, வில்வம் மாதிரி மரங்கள். கறிவேப்பிலையில் வளரும் அழகியும் அதே குடும்பம். ஆவாரை, கொன்றை இலைகளில் மஞ்சள், வெளிர்பச்சைப் பூச்சிகள். ரோஜா அழகிக்கு ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும். இந்தச் செடிகள் இல்லாத இடத்துக்கு அவை வந்து தேன் குடித்துவிட்டுப் போகும், குடியிருக்காது.

அதனால்தான் புல்தரையும் குரோட்டன்ஸும் கலப்பின ரோஜாவுமாக வைத்திருக்கும் பூங்காக்களில் கண்ணுக்கு நிறம் இருக்கும், சிறகு இருக்காது. ரோஜா பெரும்பாலும் மகரந்தம்தான் தரும், தேன் கொடுக்காது. அடுக்கடுக்காக இதழ் வருகிற வகைகளில் மகரந்தக் கேசரமே இதழாக மாறிப்போயிருக்கும். பூச்சிக்கு அங்கே வேலையில்லை. சாலையோரம் யாரும் கவனிக்காமல் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டின் சின்ன வெள்ளைப் பூவுக்கு வருகிற கூட்டத்தை ஒருமுறை நின்று பாருங்கள்.

மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன். 2019-ல் அறிவித்தார்கள். ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கறுப்புக் கோடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் கூட்டமாகப் பறக்கும். நம் பக்கத்து முள்காட்டில் அதைத் தேடி அலைய வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள். அதே ஆரஞ்சு நிறத்தில் வெந்தய வரியன் அவன் பள்ளிக்கூடத்து எருக்கஞ்செடியிலேயே இருக்கும்.

தகடூர் டீச்சர்

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி சார். எங்கள் பள்ளி மதிலுக்கு வெளியே எருக்கு புதராக நிற்கிறது. "அதை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள்" என்று கிராமத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிறகு, ஓசூர்

பயம் நியாயமானது டீச்சர். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். பிள்ளைகள் ஒடிக்கக் கூடாது, இலையைத் திருப்பிப் பார்ப்பது உங்கள் கையால் மட்டும் இருக்கட்டும். நடைபாதையில் இருப்பதை வெட்டிவிட்டு மதிலோரம் ஒதுக்குப்புறமாக நிற்கும் இரண்டு மூன்று செடிகளை விட்டுவைக்கலாமே.

அந்தப் பாலில்தான் கதையே இருக்கிறது. புழு அந்த நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பூச்சியான பிறகும் அது உள்ளேயே இருக்கும். ஒருமுறை கொத்திய பறவை வாந்தியெடுத்துவிட்டு, அந்த நிறத்தையே பிறகு தொடாது. நஞ்சே இல்லாத வேறொரு இனத்தின் பெண், வெந்தய வரியன் மாதிரியே உடுத்திக்கொண்டு பறவையை ஏமாற்றும். அதன் புழுவுக்கு உணவு நம் சமையலறைக்கு வரும் பருப்புக்கீரை. கறிவேப்பிலை அழகியிலும் இதே வித்தை உண்டு. பெண்களில் ஒரு சாரார் ஆணைப் போலவே இருப்பார்கள். மற்றவர்கள் நஞ்சுள்ள ரோஜா அழகியைப் பார்த்து வரைந்த மாதிரி இருப்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தகவமைப்பு பாடத்தை இதைவிட நேராக எந்தப் படமும் சொல்லாது.

மாந்தோட்டம், காவேரிப்பட்டணம்

டீச்சரம்மா, நான் படிச்சவன் இல்லீங்க, மாந்தோப்பு வெச்சிருக்கேன். சிறகு தம்பி சொன்னதைப் படிச்சப்போ ஒரு சந்தேகம். எங்க மாமரத்து இலையில பச்சைப் புழு ஒண்ணு வரும். ரெண்டு பக்கமும் இறகு மாதிரி முள்ளு விரிஞ்சிருக்கும். இலையோட நடு நரம்பு மேல ஒட்டிப் படுத்துக்கிச்சுன்னா கண்ணுக்கே தெரியாது. ஆளுங்க கம்பளிப்பூச்சின்னு நசுக்கிடறாங்க. அதுவும் பட்டாம்பூச்சிதானா?

சிறகு, ஓசூர்

ஐயா, அதேதான்! காமன் பாரன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. முதுகில் ஓடும் வெளிர் கோடு மாவிலையின் நடுநரம்போடு ஒன்றாகப் பொருந்திவிடும். நீங்கள் அதைப் படிப்பில்லாமலே கண்டுபிடித்திருக்கிறீர்கள். பூச்சி பழுப்பு நிறமாக, தோப்பு நிழலில் தாழ்வாகப் பறக்கும். பூவைவிட அழுகிய பழத்தையே விரும்பும். மரத்துக்கு ஓரிரண்டு புழு இருப்பதால் விளைச்சல் குறையாது. நசுக்க வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் தோப்பில் மரத்தின் மேல் புல்லுருவி இருக்கிறதா?

மாந்தோட்டம், காவேரிப்பட்டணம்

இருக்குங்க. வருசா வருசம் வெட்டுறோம். பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்னுட்டு கிளையில எச்சத்தைத் தேய்ச்சுட்டுப் போயிடுது, அடுத்த வருசம் அதே இடத்துல மறுபடியும் முளைக்குது. விட்டா கிளையே காய்ஞ்சு போகும். அதை வெட்டாதீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

சிறகு, ஓசூர்

வெட்ட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் ஐயா, உங்கள் பிழைப்பு அது. ஆனால் ஜெசபெல் என்கிற பட்டாம்பூச்சியின் புழு அந்தப் புல்லுருவி இலையைத்தான் தின்னும். சிறகின் அடிப்பக்கம் மஞ்சளும், ஓரத்தில் சிவப்புப் பொட்டும், கறுப்பு நரம்புமாக இருக்கும். நம் ஊரில் பறப்பவற்றில் நிறம் மிகுந்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். காய்க்காத கிழட்டு மரம் ஏதாவது வேலியோரம் இருந்தால், அதில் இருப்பதை மட்டும் விட்டுவையுங்கள்.

பென்னாகரத்தான்

நம்ம ஊர்ப் புளியமரத்திலும் இப்படி ஏதாவது வளருதா? ரோடு அகலப்படுத்துறப்ப எவ்வளவு மரம் போச்சு. கேட்கவே மனசு கனக்குது.

சிறகு, ஓசூர்

வளர்கிறது. கறுப்பு ராஜா என்கிற பூச்சியின் புழு புளிய இலையைத் தின்னும். கெட்டிச் சிறகு, அம்பு மாதிரி வேகம், கறுப்பின் நடுவே வெள்ளைப் பட்டை. பூவுக்கு வரவே வராது. மரத்தில் வடியும் பால், சாணம், அழுகின பழம், இவைதான் அதன் உணவு. நம் இரண்டு மாவட்டத்திலும் புளிக்குக் குறைவில்லை. மிச்சம் நிற்கும் மரங்களையாவது காப்பாற்ற வேண்டும் என்பதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

அஞ்செட்டி

மேடம், தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாராவது சொல்வாங்க, அதனால முன்னாடியே எழுதிடறேன்.

டிசம்பர் எங்களுக்கு யானை மாசம். மழைக்காலம் முடியுற நேரத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியா கூட்டம் இறங்கி வரும். தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் வந்து தங்கும். ராகி அறுப்பும் அப்பத்தான். ராத்திரி காவலுக்குப் போனவங்களை இழந்த வீடுகள் எங்க ஊரில் இருக்கு. அதனால பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்குறது, குறுக்குப் பாதையில் நடக்கிறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மாலை நாலரைக்குள் காட்டை விட்டு வெளியே வந்துடணும்.

முறைப்படி வனத்துறையில் கேட்டால் உதவி செய்வாங்க. எங்க பக்கம் ஓசூர் கோட்டம், உங்களுக்குத் தருமபுரி கோட்டம். மாவட்ட வன அலுவலருக்குப் பள்ளிக்கூட லெட்டர்பேடில் ஒரு கடிதம், பிள்ளைகள் எத்தனை பேர், எந்த நாள், எந்த இடம்னு எழுதிக் குடுங்க. வனக்காவலர் ஒருத்தர் கூட வந்தால் உங்களுக்கும் தைரியம், பிள்ளைகளுக்கும் நாலு விஷயம் தெரியும்.

தகடூர் டீச்சர்

நீங்கள் எழுதியது முழுக்கச் சரி அண்ணா. யானை வழித்தடப் பக்கம் போகவே மாட்டோம். காவிரியோரம் சரணாலயம் என்று சொல்கிறார்களே, அதற்குள் போக முடியுமா? அங்கே என்ன இருக்கிறது?

அஞ்செட்டி

ரெண்டு சரணாலயம் இருக்கு மேடம். காவேரி வடக்கு 2014-ல் அறிவிச்சாங்க, 504 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. காவேரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். தெற்கில் மட்டும் 35 வகைப் பாலூட்டி, 238 வகைப் பறவை பதிவாகியிருக்குன்னு அறிவிப்பில் சொன்னாங்க. ஆற்றில் நீர்நாய், முதலை, பெரிய மென்னோட்டு ஆமை. கரையில் நிற்கிற நீர்மருது மரங்களில் சாம்பல் நிற மலை அணில். கிளைக்குக் கிளை தாவிக்கிட்டே போகும், தரைக்கு இறங்கறது அபூர்வம். மரம் ஒண்ணோட ஒண்ணு கிளை கோத்து நின்னாத்தான் அதுக்கு வாழ்க்கை.

இது ஒரு பார்க் கிடையாது. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. பிள்ளைகளுக்கு ஒகேனக்கல் கரையே போதும். அதே ஆறு, அதே நீர்மருது. மேலே பார்த்துக்கிட்டு பத்து நிமிஷம் சத்தமில்லாம நின்னா அணில் தெரிய வாய்ப்பிருக்கு.

பாலக்கோடு அம்மா

ஓசூரிலிருந்து பன்னேர்கட்டா பக்கம்தானே? அங்கே பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கு. கூரை போட்ட கூடத்துக்குள்ள நம்ம தலைமேலயே பறக்கும். என் பசங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். டீச்சர் ஏன் அதை யோசிக்கல?

சிறகு, ஓசூர்

நல்ல இடம்தான். 2006-ல் திறந்தது, இந்தியாவின் முதல் பட்டாம்பூச்சிப் பூங்கா. செவ்வாய்க்கிழமை விடுமுறை. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டிவிடலாம் என்பது பெரிய வசதி. திருச்சி ஸ்ரீரங்கத்திலும் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது.

ஆனால் டீச்சர் கேட்டது நம் மாவட்டம். தருமபுரியிலிருந்து போய் வருவதற்கே பாதி நாள் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. கூரைக்குள் பார்க்கும் பிள்ளை, பட்டாம்பூச்சி என்றால் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது என்று நினைத்துக்கொள்ளும். தன் வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைக் கண்டுபிடிக்கும் பிள்ளை அதற்கப்புறம் தினமும் பார்க்கும். அந்தப் புழு பெரிதாகிப் பச்சை நிறமாக மாறும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு நீட்டி ஒரு வாடை விடும். எறும்பை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். பிள்ளைகள் அலறிச் சிரிப்பார்கள்.

பாலக்கோடு அம்மா

நான் கறிவேப்பிலைச் செடியில் புழு வந்தால் உடனே பிடுங்கிப் போட்டுடுவேன். செடியே மொட்டையாகிடுதே. அதுக்கு என்ன வழி?

சிறகு, ஓசூர்

செடி சின்னதாக இருந்தால் மொட்டையாவது உண்மைதான் அக்கா. ஆள் உயரம் வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும், சீக்கிரமே துளிர்விடும். சமையலுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று என்று இரண்டு செடி வைப்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. சின்னச் செடியில் இருக்கும் புழுவை இலையோடு எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். முட்டையிலிருந்து சிறகு வரை மொத்தமே ஒரு மாதம்தான்.

ராயக்கோட்டை பூவியாபாரி

உண்ணிச்செடி வெச்சா நிறைய வரும்னு நர்சரியில் சொல்றாங்களே, பள்ளிக்கூடத்தில் அதையே வரிசையா நட்டுடலாமே? காட்டில் அதில்தான் நான் நிறைய பட்டாம்பூச்சி பார்த்திருக்கேன்.

அஞ்செட்டி

தயவுசெஞ்சு வேண்டாங்க. எங்க காட்டைப் பாதி தின்னதே அந்தச் செடிதான். அது பரவின இடத்தில் புல்லு முளைக்காது. புல்லு இல்லேன்னா மானும் காட்டெருமையும் எங்கே போகும்? யானை ஊருக்குள்ள வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நாங்க நினைக்கிறோம். குருவி பழத்தைத் தின்னு விதையை எங்கெங்கேயோ போட்டுடும்.

சிறகு, ஓசூர்

அஞ்செட்டி சொல்வதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். உண்ணிச்செடியில் தேன் இருக்கிறது, பூச்சி வருகிறது, அதில் சந்தேகமில்லை. அதே தேனை இட்லிப்பூவும் தேள்கொடுக்குச் செடியும் தரும். நீல வரியன் கூட்டத்தைப் பள்ளிக்கு வரவழைக்க வேண்டுமென்றால் கிலுகிலுப்பை விதை தூவுங்கள். ஆண் பூச்சிகள் காய்ந்த கிலுகிலுப்பைத் தண்டையும் இலையையும் கீறி ஒரு சாறு எடுக்கும். பெண்ணை ஈர்க்கும் வாசனையை அதிலிருந்துதான் செய்துகொள்கின்றன. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே கூட்டமாக வலசை போகின்றன. அக்டோபர், நவம்பரில் சேர்வராயன், கல்வராயன் பக்கமிருந்து மேற்கே போகும் கூட்டத்தை நம் ஊர் வானத்திலும் பார்க்க வாய்ப்புண்டு. வழியில் அவை இறங்க ஒரு இடம் வேண்டுமல்லவா?

தகடூர் டீச்சர்

இதைப் படித்துக் காட்டியதும் பிள்ளைகள் கிலுகிலுப்பை விதை பொறுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

இப்போது என் திட்டம் இது. விடியற்காலையில் கிளம்பி கிருஷ்ணகிரி அணை, பிறகு வழியில் ஒரு தோட்டம். ஒகேனக்கல்லைத் தனியாக ஜனவரியில் வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பிள்ளைகள் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அணை சரியான தேர்வுதானா?

சிறகு, ஓசூர்

பிரித்தது நல்ல முடிவு. அணையில் பூங்கா இருக்கிறது, பிள்ளைகள் ஓடி விளையாடலாம். பூச்சிக்கு நான் பூங்காவை நம்ப மாட்டேன். அணைக்குக் கீழே வாய்க்கால் கரையும் வயலோரமும்தான் நல்ல இடம். வேலியில் ஆமணக்கு, சிறுபூனைக்காலிக் கொடி, எருக்கு, ஆவாரை எல்லாம் இருந்தால் அந்த ஐம்பதடிக்குள்ளேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

விடியற்காலையில் கிளம்புவது பறவைக்குத்தான் சரி. பட்டாம்பூச்சிக்கு உடம்பு சூடேற வெயில் வேண்டும். மார்கழிக் குளிரில் ஒன்பதரை மணி வரை இலை மேல் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். அதுவரை அணையில் நீர்க்காகம், கொக்கு, நாரையைப் பார்க்கட்டும். ஒன்பதரைக்கு மேல் பன்னிரண்டு மணி வரை பூச்சி. மேகமூட்டமாக இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது, நிழல் அதன் மேல் விழக் கூடாது. பின்னாலிருந்து சூரியனை மறைத்தபடி போனால் உடனே பறந்துவிடும். பக்கவாட்டில், குனிந்து, மெதுவாக. சிறகைப் பிடிக்கவே கூடாது, விரலில் ஒட்டும் பொடி அதன் செதில், அது திரும்ப முளைக்காது. வலை வேண்டாம். ஒரு நோட்டு, பென்சில் போதும். எந்தப் பூச்சி, எந்தச் செடியில், தேன் குடித்ததா முட்டையிட்டதா என்று எழுதச் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்

ஜனவரியில் ஒகேனக்கல் வர்றப்ப எனக்குச் சொல்லுங்க டீச்சர். ஐந்தருவிப் பக்கம் கூட்டம் சேரும் முன்னாடி ஆற்றோரம் எந்த மணல்திட்டில் பூச்சி இறங்கும்னு காட்டுறேன். அப்படி உட்கார்றது பெரும்பாலும் ஆண் பூச்சிதான், மண்ணில் இருக்கிற உப்புக்காகன்னு ஒரு வனக்காவலர் சொல்லிக் கேட்டிருக்கேன். சரிதானா சிறகு?

சிறகு, ஓசூர்

சரிதான். தேனில் உப்பு மிகக் குறைவு. ஆண் பூச்சி ஈர மண்ணிலிருந்து எடுத்துச் சேர்க்கும் உப்பு, இணையும்போது பெண்ணுக்குப் போய், அங்கிருந்து முட்டைக்கும் போகிறது. அந்த வனக்காவலரையும் அன்று கூட்டி வாருங்கள்.

மாந்தோட்டம், காவேரிப்பட்டணம்

டீச்சரம்மா, தோட்டம் ஒண்ணு வேணும்னீங்களே, அணையிலருந்து எங்க தோப்பு பக்கந்தான். நேரா இங்க வந்துடுங்க. மாம்பூ எடுக்குற காலம் நெருங்குது, தத்துப்பூச்சிக்கு மருந்து அடிச்சே ஆகணும். ஆனா கிணத்தோரம் இருக்குற ரெண்டு வரிசைக்கு இந்த வருசம் அடிக்கலைன்னு முடிவு பண்ணிட்டேன். வேலியில எருக்கு, ஆவாரை, ஆமணக்கு எல்லாம் இருக்கு. கிழட்டு நாட்டு மரம் ஒண்ணுல புல்லுருவி விட்டிருக்கேன், தம்பி சொன்ன சிவப்புப் பொட்டுப் பூச்சி வருதான்னு பிள்ளைங்களே பார்த்துச் சொல்லட்டும்.

கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கு, இருந்தாலும் அன்னைக்கு ஆள் ஒருத்தரை அங்கேயே நிறுத்தி வெக்கிறேன். எத்தனை பேர் வர்றீங்கன்னு மட்டும் ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க. மத்தியானம் களியும் கீரைக் குழம்பும் வீட்ல செஞ்சு வெக்கச் சொல்றேன்.

தகடூர் டீச்சர்

பிள்ளைகள் முப்பத்திரண்டு, ஆசிரியர்கள் மூன்று பேர் ஐயா. தேதி முடிவானதும் இங்கேயே எழுதுகிறேன். சிறகு சாரும் அன்று வர முடிந்தால் நன்றாக இருக்கும்.

சிறகு, ஓசூர்

வருகிறேன் டீச்சர். ஈஸ்வரமூலிக் கன்று நான்கைந்து என்னிடம் இருக்கிறது, பள்ளிக்கு எடுத்து வருகிறேன். கொடி ஏற மதிலோரம் ஒரு கம்பி மட்டும் கட்டி வையுங்கள்.